நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி

"நீ ஓரிடத்தில் நிறுத்தினாய்" என்றார் நான் பார்த்துக்கொள்கிற முதியவர். மூச்சு வாங்கினேன் என்றேன். "சரி, மேலே வாசி" என்றார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனம் அங்கேயேதான் போய் நிற்கிறது.

அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, எழுத்து பிடிபடாத அளவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அவருடைய அண்ணனைப் பற்றிய விமானப்படைக் கோப்பின் நகலை மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இரவு மாத்திரை கொடுத்த பிறகு அதை வாசித்துக் காட்டச் சொன்னார். இந்த வேலையில் வாசிப்பதும் சேர்த்திதான். கடிதம், கரண்ட் பில், பைபிள், எல்லாம் வாசித்திருக்கிறேன்.

அண்ணனுக்கு 20 வயது, லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி வீரர். 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர் மீது குண்டு போடக் கிளம்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. நிலா வெளிச்சம் ஜெர்மன் விமானங்களுக்கு வேட்டையைச் சுலபமாக்கிவிட்டது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை ஒரே இரவில் அவ்வளவு விமானங்களை வேறெப்போதும் இழக்கவில்லை. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வால் கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடமிருக்காது, திரும்பிக் கதவைத் திறந்து வெளியே மாட்டியிருப்பதை எட்டி எடுக்க வேண்டும் என்று, தோள் வலியோடு கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார்.

நான்காம் பக்கம், போருக்குப் பிறகு காணாமல் போனவர்களைத் தேடிப் போன குழுவின் அறிக்கை. வால் பகுதி தனியாக முறிந்து வயலில் விழுந்தது, உள்ளே இருந்தவருக்கு விடியும்வரை உயிர் இருந்தது என்று கிராமத்து ஆள் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குமேலும் இரண்டு வரி, அதை இங்கும் எழுதப் போவதில்லை. என் கண் அதைத் தாண்டி ஜெர்மனியில் அவரைப் புதைத்த டுர்ன்பாக் கல்லறைத் தோட்டத்தின் வரிசை எண்ணுக்குப் போனது, வாயும் கூடவே போனது.

ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதை இந்த வயதில், இரவு பத்து மணிக்கு, கூட யாரும் இல்லாத வீட்டில் உடைக்க நான் யார்? இப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பொரு நாள் இவரேதான் பொரிந்து தள்ளினார்: திரும்பாதவர்களின் பொருட்களைப் பிரித்துப் பார்க்கத் தனியாக அதிகாரிகள் இருந்தார்களாம், வீட்டார் மனம் நோகும் கடிதம் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் பெட்டியை அனுப்புவார்களாம், அண்ணன் பெட்டியிலிருந்து என்னத்தை எடுத்தார்களோ, அவர்களை யார் கேட்டது என்று. நான் செய்தது மட்டும் வேறா?

கிளிநொச்சியில், போரில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு 2017இலிருந்து வீதியோரம் உட்கார்ந்திருந்த அம்மாமாரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு இப்படி ஒரு தாள் கிடைத்தால், இந்தப் பத்தி வேண்டாம் என்று ஒருவராவது சொல்வாரா? சொல்ல மாட்டார்கள். அப்படியும் இவர் மறுபடி வாசிக்கச் சொன்னால் மறுபடியும் தாண்டித்தான் போவேன் என்று நினைக்கிறேன்.

மகள் வந்தபோது, ஒரு பத்தியை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். எந்தப் பத்தி என்று அவர் கேட்கவில்லை. தன்னால் வாசிக்க முடியாதென்றுதான் அங்கே வைத்துவிட்டுப் போனாராம். சுருக்கென்று கோபம் வந்தது, மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வருகிறவள் தலையில் இதையுமா என்று. கோப்பை அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. சனி ஞாயிறு எனக்குப் பதிலாக வருகிற பெண், எதையும் விடாமல் வாசிப்பவள்.