அதையாவது ஏத்தக் கூடாதா?

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்ததும் அத்தை சொன்னது: "உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல போலிருக்கு. ஏத்திக்க வழி பாருடி."

நோய் முதலில் சிவப்பு நிறத்தில்தான் கைவைத்தது. இடது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த பேனா மூடி, வலது கண்ணுக்கு வெளுத்த செங்கல். விழியை உருட்டினால் உள்ளே வலி. பார்வை நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை சிதைந்திருந்தது. சிதைத்தது கிருமி இல்லை, என்னுடைய வெள்ளையணுக்கள்.

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் சாமானியமாக யாரையும் உள்ளே விடாது. வெளியே எங்கோ உசுப்பேறிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அந்தச் சுவரில் ஒட்டி, நழுவி உள்ளே போகின்றன. மயலினைக் கண்டதும் எதிரி என்று ஊரைக் கூட்டுகின்றன.

1987-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. காமா இன்டர்ஃபெரான் என்பது எதிர்ப்பு செல்களை முடுக்கிவிடும் புரதம். இந்த நோய்க்கு மருந்தாகுமா என்று 18 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்கு நோய் மறுபடி தாக்கியது. ஏத்தினால் இதுதான் கதி. அத்தையிடம் சொன்னேன், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு எழுதிக் கொடுத்தது ஒக்ரெலிசுமாப். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களைத் தீர்த்துக்கட்டும். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் குறைவதால்தான் நோய் அடங்குகிறது என்று நினைத்திருந்தேன். தப்பு. பி செல்கள் முதிர்ந்து உருவாகும், ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்களில் சிடி20 கிடையாது. மருந்து அவற்றைத் தொடுவதில்லை. ஆனாலும் மூளையில் புதுத் தழும்புகள் சில வாரங்களிலேயே குறைகின்றன. அப்படியானால் பி செல்லின் வேலை வேறு: எதையாவது பொறுக்கி எடுத்து டி செல்லிடம் காட்டி மூட்டிவிடுவது. கோள்மூட்டி!

எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆயுசுக்கும் குடியிருப்பதும் இந்தக் கோள்மூட்டிக்குள்தான். 2022-இல் வெளியான அமெரிக்க ராணுவத்தினர் மீதான ஆய்வில், அது தொற்றியபின் இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு. பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இருக்கிற வைரஸ்தான். அவர்களை ஒன்றும் செய்வதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றுகிறார்கள். தொண்டை அரித்தால் நர்ஸ் வேகத்தைக் குறைப்பார். போன தடவை ரத்தப் பரிசோதனையில் பி செல் எண்ணிக்கை பூஜ்யம். சந்தோஷமாக அத்தைக்குப் போன் செய்தேன்.

"அய்யய்யோ, அதையாவது ஏத்தக் கூடாதா?"