சங்கா, பாலாடையா?

மே மாசம், கத்திரி வெயில், குரோம்பேட்டையில் இரண்டு பெட்ரூம் வீடு, இரண்டு மாசக் குழந்தை, இரண்டு பாட்டிகள். இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தாலும் நான் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன்.

அம்மா கும்பகோணத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டாள். மறுநாள் விடியக்காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் தாம்பரம் வந்து இறங்கிய அத்தை, கை கால் கழுவிவிட்டு நேராகக் குழந்தையிடம் போய், "என்ன இப்படி இளைச்சுக் கெடக்கு?" என்றார். போன வாரம்தான் எடை பார்த்தோம், நல்லா ஏறியிருக்கு என்றேன். "தராசுக்கு என்னம்மா தெரியும்" என்று பதில்.

முதல் மூன்று நாள் இரண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை. அத்தை வெள்ளிச் சங்கை எடுத்து வைக்க, "நாங்க பாலாடைன்னு சொல்வோம் சம்பந்தி, நானும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று அம்மா தன் பையைத் திறந்தாள். குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடணும் என்பது அத்தை கட்சி, வாயால் ஊதிச் சளி எடுக்கணும் என்பது அம்மா கட்சி. இரண்டுமே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை எங்களுக்கு வசதிதான், ஒருவர் செய்யப் போவதை இன்னொருவரே தடுத்துவிடுவார்.

நாலாம் நாள் கூட்டணி அமைந்துவிட்டது. தண்ணீர் விஷயத்தில். இந்த வெயிலில் பிள்ளைக்குத் தொண்டை வறளாதா என்று இரண்டு பேரும் ஒரே குரலில். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும்தான், அதிலேயே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கு, நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைக்கிறானே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மதியம் குளித்துவிட்டு வெளியே வந்தால் அத்தை மடியில் குழந்தை, அம்மா கையில் சங்கு, அதில் சர்க்கரைத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் அம்மா அதை முந்தானைக்குள் மறைத்தாள். சின்ன வயசில் நான் பால் பவுடரைத் திருடித் தின்றதற்கு முதுகில் வைத்த அதே அம்மா!

ராத்திரி பால்கனியில் துணி காயப்போடும் சாக்கில் நானும் இவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: அவரவர் அம்மாவிடம் அவரவர்தான் பேசணும். நான் அத்தையிடம் சொன்னால் அது வாய்த்துடுக்கு, அதையே இவர் சொன்னால் பிள்ளையின் அக்கறை. அநியாயம்தான், ஆனால் வேலைக்கு ஆனது. அத்தை அரை நாள் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் பூண்டுக் குழம்பு வைத்து எனக்குத்தான் முதலில் பரிமாறினார். அம்மா அழுதாள், அது வேறு கதை. பதிலுக்குத் தூளியையும் உள்ளங்கால் திருஷ்டிப் பொட்டையும் நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு அத்தை குளிப்பாட்டுகிற லாவகம் இருக்கிறதே, அது எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஊருக்குப் போய்விட்டார்கள். சங்கு, பாலாடை இரண்டும் சாமி அலமாரியில் கிடக்கின்றன. ஆறு மாசம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் பண்ணிக் கேட்கிறார்கள்.