கல் ஊரில் காகிதக் கல்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகளின் பொம்மை வீட்டுக்கு மரவேலை முடிந்தது. காவேரிப்பட்டணத்தில் அம்மா பிறந்த வீட்டின் சாயல், 1:12 அளவு. நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். இனி கல் வேலை: திண்ணைத் தூண்கள், கொல்லைச் சுவர், அம்மி, ஆட்டுக்கல். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கல்லுக்கா பஞ்சம்? ஒரு கிரானைட் பட்டறை வாசலில் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் காவலாளியிடம் கேட்டுப் பை நிறைய அள்ளி வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தோல்வி. முகமூடி மாட்டி, தண்ணீர் விட்டு விட்டு அறுத்து ஒரு தூண் எடுத்தேன். திண்ணையில் நிறுத்தினால் குளியலறை டைல்ஸ் துண்டு மாதிரி முழிக்கிறது. காரணம் பிடிபட ஒரு மணி நேரம் ஆயிற்று. கல்லைச் சிறிதாக்கலாம், கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணிகள் சிறிதாகாது. அரை சென்டிமீட்டர் மணி இந்த வீட்டுக் கணக்கில் ஆறு சென்டிமீட்டர். எலுமிச்சம்பழம் பருமனில் புள்ளி போட்ட தூண் எந்தத் திண்ணையில் இருக்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முட்டை அட்டை! கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். கத்தரிக்கோல் தொடக்கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். கிழித்த விளிம்புதான் உடைத்த கல். ஒவ்வொரு துண்டையும் ஈரவிரலால் அழுத்தி மழுக்கி, ஃபெவிகாலில் ஒட்டினேன். கறுப்பும் காவியும் கலந்து நீர்க்கப் பூசி, காய்ந்ததும் தூரிகையில் வெள்ளையைத் தொட்டுத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வருடினேன். சுவர் சட்டென்று கனத்துவிட்டது. மகள் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்த முகத்துடன் போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உறவினர் வீட்டுக்குத் தருமபுரி போனவன், அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். வீரனின் வாளையும் வில்லையும் விட்டுவிட்டு விளிம்புகளையே பார்த்தேன். கூரான மூலை என்று ஒன்று அகப்படவில்லை. வந்ததும் என் தூண்களின் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். அடிப்பக்கம் கொஞ்சம் அதிகமாக. ஆட்கள் முதுகு சாய்க்கும் இடம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தீப்பெட்டியின் உள்தட்டில் ஊற்றியது அம்மி. ஆட்டுக்கல்லின் குழிக்கு, எண்ணெய் தடவிய கோலிக்குண்டு. முதல் குண்டை எடுக்க மறந்து, இறுகிப்போய், குண்டோடு குப்பைக்குப் போனது. இரண்டாவது தப்பியது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மியைக் கையில் வாங்கினார். “கொத்தாத அம்மியில் மிளகாய் எப்படி அரைபடும்?” என்றார். தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கேட்டே எத்தனை வருடம் ஆயிற்று. எனக்குத் தோன்றவே இல்லை. தையல் ஊசியை எடுத்து, வரிசை வரிசையாக அவரே குத்த ஆரம்பித்தார். நாலாவது வரிசையில் ஓரம் சில்லுப் பெயர்ந்தது. நான் பதறினேன். “எங்கள் வீட்டு அம்மியும் இந்த மூலையில்தான் உடைந்திருந்தது” என்று சொல்லி, தூளை ஊதிவிட்டு ஐந்தாவது வரிசைக்குப் போனார்.