உட்கார்ந்தால் இடது, நின்றால் வலது: ஹாலுக்கு ஒரு சோஃபா வாங்கிய கதை

ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சோஃபா மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பால்கனிக்குப் போய்த் துணி காயப்போட்டிருக்கிறீர்களா? நான் 24 நாள் அப்படித்தான் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய எல் ஷேப் சோஃபா. அதில் கால் நீட்டிக்கொள்ளும் லவுஞ்சர் பாகம் பால்கனி கதவுக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில். இரண்டு பெட்ரூம், மூன்றாவது மாடி. ஹாலும் டைனிங்கும் சேர்ந்த ஒரே நீளமான அறை. பில்டர் கொடுத்த பிளானில் ஹால் அகலம் 10 அடி 6 இன்ச் என்று இருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போனோம். முதல் தப்பு அதுதான். பிளானில் இருப்பது செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் உள்ள தூரம். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பூச்சு, பூச்சுக்கு மேல் அடியில் ஸ்கர்ட்டிங் டைல். பின்னால் நானே டேப் வைத்துப் பார்த்தபோது கிடைத்தது 10 அடி மூன்றரை இன்ச். இரண்டரை இன்ச்தானே என்று தோன்றும். நடைபாதையில் அந்த இரண்டரை இன்ச் போனால் முட்டி சொல்லும்.

கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு என்று இருக்கிறதே, அதை நம்பினீர்களோ என்று கேட்காதீர்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, கார்பெட் ஏரியாவில் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் கனமும் சேர்த்தி. சுவருக்குள் எங்கே கார்பெட் விரிப்பது?

சரி, கடைக்கு வருவோம். ஷோரூமில் அந்த சோஃபா சின்னதாகத்தான் தெரிந்தது. கூரை அங்கே எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் பத்து சோஃபா போட்டும் நடக்க இடம் மிச்சம். அங்கே 'அளவா இருக்கு' என்று தோன்றும் எதுவும் 10 அடி ஹாலில் யானைதான். போகும்போது உங்கள் பழைய சோஃபா அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் கண் நம்மை ஏமாற்றுவது தெரியும். எங்களிடம் இருந்த பழைய பிரம்பு சோஃபாவை அதற்கு முந்தின வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

ஆர்டர் எழுதும்போது அந்தப் பையன் கேட்டான்: "லவுஞ்சர் எந்தப் பக்கம் மேடம்?" நான் மனதுக்குள் சோஃபாவில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்து, டைனிங் டேபிள் எந்தக் கை பக்கம் என்று யோசித்து, "இடது பக்கம்" என்றேன். பில்லில் எல்.ஹெச்.எஸ். (லெஃப்ட் ஹேண்ட் சைட்) என்று எழுதிக்கொண்டான். எனக்கும் சந்தேகம் வரவில்லை, அவனும் விளக்கவில்லை. அந்தக் கடையில் இடது என்றால் சோஃபாவுக்கு எதிரே நின்று பார்க்கிறவருக்கு இடது. நான் உட்கார்ந்து யோசித்தேன், அவர்கள் நின்று யோசித்தார்கள். எல் ஷேப் வாங்குகிறவர்கள் இடது, வலது என்ற வார்த்தையையே சொல்லாதீர்கள். ஒரு தாளில் ஹாலைக் கிறுக்கி, வாசல், பால்கனி, டிவி மூன்றையும் குறித்து, சோஃபாவை வரைந்து, அதை பில்லோடு பின் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

டெலிவரி அன்று வந்த நான்கு பேரும் நல்லவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் எங்களுடையது ஆறு பேர் ஏறுவது, 408 கிலோ. கதவு திறந்தால் 28 இன்ச். சோஃபாவின் பெரிய பாகமோ 80 இன்ச் நீளம், 38 இன்ச் ஆழம், 34 இன்ச் உயரம். எப்படித் திருப்பினாலும் 28-க்குள் நுழையாது. மூத்தவர் லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, படிதான்" என்றார். 'இலவச டெலிவரி' என்று பில்லில் கொட்டை எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தரைத்தளம் வரை' என்று இருந்ததை அவர் காட்டினார். 1500 கேட்டார்கள், 900-க்கு முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சோஃபாவை நட்டமாக நிறுத்தித் திருப்பினார்கள். இரண்டாவது மாடி சுவரில் இன்றைக்கும் ஒரு கோடு இருக்கிறது. அசோசியேஷன் செயலாளர் இன்னும் கவனிக்கவில்லை.

வாசலில் அடுத்த சிக்கல். நிலை 3 அடி 6 இன்ச். ஆனால் நிலைச் சட்டத்தின் கனம், அதற்கு முன்னால் போட்ட இரும்பு கிரில் கேட், கதவே திறந்து நிற்கும்போது பிடிக்கும் இடம் எல்லாம் போக, உள்ளே நுழைய மிஞ்சியது 33 இன்ச். சோஃபா உயரம் 34. கதவைக் கழற்றலாமா என்று பேச்சு ஆரம்பித்தபோதுதான் நான் குனிந்து அடியில் பார்த்தேன். கால்கள் போல்ட் போட்டு முடுக்கியவை. ஸ்பேனர் கொண்டு வந்து ஆறு காலையும் கழற்றினோம். நாலு இன்ச் குறைந்தது, உள்ளே போய்விட்டது. அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

நான் டீ போடப் போன நேரத்தில் வீட்டுக்காரர் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது.' டீயோடு வந்து பார்த்தால் லவுஞ்சர் பால்கனி பக்கம். கையெழுத்துக்கு முன்னால் பொருளை இடத்தில் போட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் சலானிலேயே பேனாவால் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் எனக்கு ஏழெட்டு போன் காலும், கடை இருக்கும் பள்ளிக்கரணைக்கு இரண்டு நடையும், ஒரு நாள் லீவும் போயின.

முதல் நடையில் மேனேஜர் இல்லை. இரண்டாவது நடையில் இருந்தார். பில்லை எடுத்து வைத்து, "எல்.ஹெச்.எஸ். கேட்டீங்க, எல்.ஹெச்.எஸ். கொடுத்திருக்கோம்" என்றார். யார் பார்க்கும் இடது என்று பில்லில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் நின்னுதானே மேடம் பார்ப்பாங்க" என்றார். சோஃபா வாங்குகிறவர்கள் உட்காரத்தான் சார் வாங்குவார்கள் என்றேன். பக்கத்து மேஜையில் கட்டில் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி சிரித்துவிட்டார்கள். அது உதவியது என்றே நினைக்கிறேன். மாற்றித் தருகிறோம், வண்டிச் செலவு 4500 பிடிப்போம், மீதி பணமாக வராது, அங்கேயே பொருள் வாங்கிக் கழிக்கும் கிரெடிட் நோட்டாகத்தான் வரும் என்று இறங்கி வந்தார்.

பக்கம் மாற்றி அதே எல் ஷேப்பை வாங்கத்தான் முதலில் நினைத்தேன். காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருக்கிற சோஃபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய பேப்பரை ஒட்டி லவுஞ்சர் அளவுக்கு வெட்டி டைனிங் பக்கம் தரையில் போட்டோம். சுவரிலிருந்து 64 இன்ச் நீட்டுகிறது. எதிரே டிவி யூனிட் 16 இன்ச். நடக்க மூன்றரை அடி மிச்சம் என்று கணக்கு சொன்னது. நடந்து பார்த்தால் கதை வேறு. வாசலிலிருந்து பால்கனிக்குப் போகிறவர், டைனிங் நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருப்பவர், டிவி பார்க்கிறவர், எல்லாருக்கும் அந்த மூன்றரை அடிதான் வழி. ஹால் அளவு என்று நாம் சொல்வது நான்கு சுவருக்கு நடுவில் இருப்பது. உட்கார உண்மையில் கிடைப்பது கதவு திறக்கும் இடமும் நடக்கிற வழியும் போக மிஞ்சுவது. எங்கள் வீட்டில் அது எல் ஷேப்புக்குப் போதவே போதாது. பேப்பரை இரண்டு நாள் எடுக்காமல் அப்படியே விட்டோம். அதன் மேல் மிதிக்காமல் இரண்டு நாள் யாராலும் இருக்க முடியவில்லை. பக்கம் சரியாக வந்திருந்தால் இதெல்லாம் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்த முறை கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஐந்து அடிக்கும் குறைவு, முழங்கால் வலி வேறு. பெரிய சோஃபாவில் அம்மா உட்கார்ந்தால் முதுகு சாயாது, சாய்ந்தால் கால் தரையில் படாது. காரணம் வெளி ஆழம் இல்லை, உட்காரும் பலகையின் ஆழம். அதில் 24 இன்ச். கடையில் ஆழம் என்று கேட்டால் வெளி அளவைத்தான் சொல்வார்கள், உட்காரும் ஆழத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். 20, 21 இன்ச் இருந்த ஒன்றில் அம்மா நிம்மதியாகச் சாய்ந்தார். உட்காரும் உயரம் தரையிலிருந்து 18 இன்ச் என்று போட்டிருந்தது. உட்கார்ந்ததும் ஃபோம் இரண்டு இன்ச் அமுங்கியது. அதனால் பத்து நிமிஷம் உட்காரவிட்டு, கையூன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தார். "இது போதும்டி, அந்தக் கப்பல் வேண்டாம்" என்றார். கடைப் பையன் மூன்று முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். கிளப்பத்தான் பார்த்தான்.

கடைசியில் எடுத்தது 78 இன்ச் மூன்று பேர் சோஃபா, ஆழம் 33. எங்கள் சுவர் 11 அடி, அதில் இரண்டு பக்கமும் இரண்டடிக்கு மேல் விட்டு அது உட்கார்ந்தது. கிரெடிட் நோட்டில் மிஞ்சியதற்கு இரண்டு ஒற்றை நாற்காலி. ஆள் வந்தால் இழுத்துப் போடலாம், வராத நாளில் பெட்ரூமில் கிடக்கும். டீபாயை சோஃபாவிலிருந்து 17 இன்ச் தள்ளிப் போட்டிருக்கிறோம். காபி டம்ளர் எட்டும், முட்டி இடிக்காது. அதற்கும் டிவி யூனிட்டுக்கும் நடுவில் 39 இன்ச் வழி. இரண்டாவது சோஃபா ஏறிய கதை ஒரு வரிதான்: காலைக் கழற்றிவிட்டுக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

தரை விரிப்பில் ஒரு தப்பு பாக்கி இருந்தது. ஆன்லைனில் 120-க்கு 180 சென்டிமீட்டர் என்று பார்த்ததும் பெரிய எண்ணாகத் தெரிந்தது, ஆர்டர் போட்டுவிட்டேன். அடியில் சொன்னால் 4-க்கு 6. டீபாய்க்கு அடியில் விரித்தபோது சோஃபாவையும் தொடவில்லை, நாற்காலியையும் தொடவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டி, இந்த மிதியடியை ஏன் நடுவுல போட்டிருக்க?" என்றார். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டதால் அது இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இந்த முறை முதலில் பெட்ஷீட். டபுள் பெட்ஷீட் 90-க்கு 100 இன்ச் இருக்கும். அதை மடித்து 6-க்கு 8, 5-க்கு 8 என்று விரித்துப் பார்த்தேன். ஆறடி அகலத்தில் ஓரம் டிவி யூனிட் முன்னால் நடக்கிற வழியில் போய் நின்றது, அதன் மடிப்பில் கால் தடுக்கியது. 5-க்கு 8 சரியாக வந்தது: சோஃபாவின் முன்கால் மட்டும் விரிப்பின் மேல், இரண்டு பக்கமும் சோஃபாவைத் தாண்டி 9 இன்ச் வெளியே. அதற்குமேல் புசுபுசு கார்பெட் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, ஈரோட்டில் இருக்கும் நாத்தனாரிடம் சொல்லி பவானி ஜமக்காளம் வாங்கி வரச் சொன்னோம். பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும், நல்ல பருத்தி, உதறினால் தூசி போய்விடும், கதவில் உரசாது. ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் வலை போட்டே ஆக வேண்டும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. அப்புறம் முதல் துவைப்பில் நீளத்தில் மூன்று இன்ச் சுருங்கிவிட்டது. இதை ஒருத்தரும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் கேட்டால், "பருத்தின்னா சுருங்கத்தானே செய்யும் அண்ணி" என்கிறாள்.

போன வாரம் நான்காவது மாடிக்குப் புதுசாக ஒரு எல் ஷேப் வந்தது. எங்கள் தளத்துத் திருப்பத்தில் சிக்கி, நான்கு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டுக்காரப் பையன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "லிஃப்ட்ல போகும்னு கடையில சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு, லவுஞ்சர் எந்தப் பக்கம் கேட்டான் என்று விசாரித்தேன். "ரைட்" என்றான். உட்கார்ந்தா, நின்றா என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சலானில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.