ரெஃப்ரி புக் பண்ணிவிட்டாராம், எந்த டிக்கெட்டை?

ஆங்கிலம் பழக வேண்டுமா, கால்பந்து கமென்ட்ரியைக் கேள் என்று ஒரு நண்பர் சொன்னார், நானும் நம்பி உட்கார்ந்தேன். பெனால்டி, கார்னர், ஆஃப்சைடு எல்லாம் முன்பே தெரியும், புரியாத பெரிய சொல் வந்தால் குறித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு நோட்டு வேறு. பெரிய சொல் ஒன்றுகூட வரவில்லை. என்னைக் கவிழ்த்ததெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த சின்னச் சின்னச் சொற்கள்தான்.

முதலில் புக். ஒருவர் எதிரணிக்காரரின் காலை வாரிவிட்டார், விசில் ஊதினார்கள், "ஹீ இஸ் புக்ட்" என்றார் வர்ணனையாளர். எனக்குத் தெரிந்த புக் ஒன்று படிப்பது, இன்னொன்று டிக்கெட் எடுப்பது. இது மூன்றாவது: தவறு செய்தவரின் பெயரை நடுவர் தன் குட்டி நோட்டில் எழுதிக்கொள்வது. எச்சரிக்கையாகக் காட்டும் மஞ்சள் அட்டையைவிடப் பழைய வழக்கம் இது. அட்டை உலகக் கோப்பைக்கு வந்ததே 1970இல், மெக்சிகோவில்தான். அதற்கு முந்தைய 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய காலிறுதியில், ஜெர்மன் நடுவர் வெளியே போ என்கிறார், ஸ்பானிஷ் பேசும் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீன் நகர மாட்டேன் என்கிறார், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் ஆட்டமே நின்றுபோனது. அந்தத் தொடரில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், பிறகு காரில் போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்துத்தான் மஞ்சளும் சிவப்பும் போதுமே என்று யோசித்தாராம். ஆக அந்த அட்டையே மொழி புரியாததால் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மற்றவையும் இப்படித்தான். மார்க் என்றால் பரீட்சை மதிப்பெண் இல்லை, எதிரணி ஆள் ஒருவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே திரிவது. க்ளியர் என்றால் தெளிவு இல்லை, நம் கோலுக்கு முன்னால் கிடக்கும் பந்தை எங்காவது போய்த் தொலை என்று தூர உதைப்பது. கன்சீட் என்றால் ஒப்புக்கொள்வது என்று படித்திருப்போம், இங்கே கோல் வாங்குவது. ஒன்றுமே வாங்காமல் முடித்தால் அது க்ளீன் ஷீட். நான் கொஞ்ச நாள் படுக்கை விரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஸ்கோர் எழுதும் காகிதம், கறைபடாத காகிதம்.

அடுத்தது நில். தமிழில் இது நிற்கச் சொல்வது, அங்கே பூஜ்யம், லத்தீன் வழியாக வந்தது. இரண்டுக்குப் பூஜ்யம் என்றால் டூ நில். டூ ஸீரோ என்றாலும் புரியும்தான், ஆனால் பிரிட்டிஷ் ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால் முகம் சுளிப்பார்.

நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது இல்லை, வின்னும் பீட்டும்தான். தமிழில் மேட்சையும் ஜெயிக்கலாம், எதிரணியையும் ஜெயிக்கலாம், ஒரே வினை. அதே பழக்கத்தில் "வீ வன் தெம்" என்று ஒரு கூட்டத்தில் நான் பெருமையாகச் சொன்னேன். எதிரே இருந்தவர் ஒரு நொடி யோசித்தார், அந்த அணியையே பரிசாக வாங்கிவிட்டோமா என்று நினைத்திருப்பார். மேட்சையும் கோப்பையையும்தான் வின் பண்ண முடியும், ஆட்களை பீட் பண்ண வேண்டும். "வீ பீட் தெம்", அவ்வளவுதான். இந்த ஒன்றைச் சரிசெய்யவே எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆனது.

ஸ்கோர் சொல்வதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் அணி ஒன்று, அவர்கள் இரண்டு, நாம் தோற்றுவிட்டோம். நான் "வீ லாஸ்ட் ஒன் டூ" என்பேன். அவர்கள் தோற்றாலும் பெரிய எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள்: "வீ லாஸ்ட் டூ ஒன்". யார் ஜெயித்தது என்பதை வன், லாஸ்ட் என்ற சொல்லே காட்டிவிடும். சமமாக இருந்தால் ஒன் ஆல், டூ ஆல். அதே மாதிரி ஆடட் டைமையும் எக்ஸ்ட்ரா டைமையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், முதலாவது வீணான நேரத்துக்கு ஈடாகச் சில நிமிடங்கள், இரண்டாவது நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் தனியாக ஆடும் 30 நிமிடம்.

இலக்கணம் படித்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி, அணி ஒன்றுதானே, ஆனால் பிரிட்டிஷ் வர்ணனையாளர் "இங்கிலாந்து ஆர் வின்னிங்" என்பார். பதினொரு பேர் ஆடுகிறார்களே, அதனால் பன்மை. அமெரிக்கர்கள் இஸ் என்பார்கள். அமெரிக்கர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது, சாக்கர் என்ற சொல்லை அவர்கள் கண்டுபிடித்ததாகக் கேலி செய்பவர்கள் நிறைய உண்டு. அதைச் செய்ததே இங்கிலாந்து மாணவர்கள்தான், அசோசியேஷன் ஃபுட்பாலிலிருந்து நடுவே ஒரு துண்டை உருவி எடுத்தது.

அப்புறம் முன்னாள் வீரர்கள் பேசும் ஆங்கிலம். காலியான கோலை ஒருவர் தவறவிட்டுவிட்டார், முடிந்துபோன கதை. புத்தகம் "இஃப் ஹீ ஹாட் ஸ்கோர்ட்" என்று நீட்டச் சொல்லும். இவர்கள் "இஃப் ஹீ ஸ்கோர்ஸ் தட், இட்ஸ் கேம் ஓவர்" என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, பரீட்சையில் எழுதினால் சிவப்பு மைதான்.

அலுவலகத்திலும் இந்தச் சொற்கள் சுற்றுகின்றன. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் ஓன் கோல், பாதி வேலை முடிந்தபின் விதியை மாற்றினால் கோல்போஸ்டை நகர்த்துவது. பார்க்கிங் த பஸ் என்று யாராவது சொன்னால் வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள், மொத்த அணியும் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றுகொள்வதைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட தைரியத்தில், வேற்றுமொழிக்காரர்களோடு நானும் ஒருநாள் ஆட இறங்கினேன். பந்து காலுக்கு வந்தது, பின்னாலிருந்து ஒருவர் "மேன் ஆன்!" என்று கத்தினார். இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த மேன், எதன் மேல் ஆன் என்று நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மேன் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.