ஜிப்பில் வந்த மார்லின்: தாய்க் கமிட் கிடைத்துவிட்டது

மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. என் 3டி பிரிண்டரில் ஓடும் மார்லின் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் திறந்தமூல நிரல்), பக்ஃபிக்ஸ்-2.0.எக்ஸ் கிளையின் எந்தக் கமிட்டிலிருந்து (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு பதிவு) பிரிந்தது என்று நேற்று ராத்திரி கண்டுபிடித்துவிட்டேன்.

பிரிண்டர் நிறுவனம் கொடுத்தது ஒரு ஜிப் கோப்பு மட்டும். மார்லின் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் நிரலைத் தரவேண்டியது அவர்கள் கடமை. இரண்டு முறை மின்னஞ்சல் போட்ட பிறகே தந்தார்கள். அதில் கிட் வரலாறு துளியும் இல்லை. இன்னொருவர் உழைப்பை எடுத்துக்கொண்டு, எங்கிருந்து எடுத்தோம் என்றுகூடச் சொல்லாமல் விடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஜிப்பைத் தனி ரெப்போவாக்கி (கிட்டின் நிரல் சேமிப்பகம்), மார்லினின் ரெப்போவை ரிமோட்டாகச் சேர்த்து அதன் வரலாற்றை ஃபெட்ச் செய்வதெல்லாம் சின்ன வேலை. பொது மூதாதைக் கமிட்டிலிருந்து வித்தியாசத்தைக் காட்டும் மூன்று புள்ளி டிஃப் போட்டால், அப்படி ஒரு மூதாதை இல்லை என்று நின்றுவிடும். இரண்டையும் நேராக ஒப்பிடும் இரண்டு புள்ளி போட்டால் கிட்டத்தட்ட எல்லாக் கோப்பும் முழுக்கச் சிவப்பும் பச்சையும். எல்லாம் சிஆர்எல்எஃப் (சிஆர் என்ற எழுத்து கூடுதலாக இருக்கும் விண்டோஸ் பாணி வரி முடிவு) செய்த வேலை. அந்த சிஆரைக் கண்டுகொள்ளாமல் விடும் இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல் ஆப்ஷனைப் போட்டதும் திரை தெளிந்தது. ஆனால் 2.0-இன் கடைசி வெளியீட்டோடு ஒப்பிட்டதால், நிறுவனம் மாற்றியது எது, மார்லின்காரர்கள் பின்னால் மாற்றியது எது என்று பிரிக்க முடியவில்லை. முதல் ஞாயிறு முழுக்க அதை வரிவரியாகப் படித்தே போயிற்று.

பிடி கிடைத்தது பிளாபில், அதாவது கோப்பின் உள்ளடக்கத்தை கிட் சேமித்துவைக்கும் வடிவத்தில். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால், கோப்பு எந்த ரெப்போவில் இருந்தாலும் கிட் அதற்கு அதே 40 எழுத்து ஹாஷைத்தான் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி) தரும். வரலாறே வேண்டாம். ஒவ்வொரு மார்லின் கமிட்டுக்கும் எல்எஸ்-ட்ரீ (கோப்புகளின் ஹாஷ் பட்டியல்) எடுத்து, ஜிப்பின் ஹாஷ்களோடு எத்தனை பொருந்துகிறது என்று எண்ணினால் போதும். அதிகம் பொருந்துவதே தாய். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். பொருத்தம் ஏறக்குறைய பூஜ்யம்!

மறுபடியும் அதே சிஆர்எல்எஃப். டிஃப்புக்குக் கொடுத்த ஆப்ஷன் ஒப்பிடும் விதத்தை மட்டும்தான் மாற்றும். பிளாபுக்குள் சிஆர் அப்படியே கிடக்கும், ஹாஷும் வேறாகவே இருக்கும். பிளாபிலிருந்தே சிஆர் நீங்க, கிட்ஆட்ரிப்யூட்ஸில் டெக்ஸ்ட்=ஆட்டோ எழுதி, ஆட் கட்டளையை ரீநார்மலைஸோடு ஓட்டி, மறுபடி கமிட் செய்தேன். எண்கள் சடசடவென ஏறின.

தேடும் பரப்பைச் சுருக்கியது வெர்ஷன்.ஹெச் என்ற கோப்பு. பக்ஃபிக்ஸ் கிளையில் விநியோகத் தேதியைத் தானியங்கி கமிட் ஒன்று மாற்றிக்கொண்டே வரும். நல்லவேளையாக ஜிப்பில் அந்தத் தேதியை யாரும் தொடவில்லை. முன்னும் பின்னும் ஒரு மாதம் எடுத்தால் சில நூறு கமிட்தான். பொருத்தம் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியது. உச்சியில் இரண்டு கமிட் சமமாக நின்றன. இரண்டுக்கும் நடுவே மாறியிருந்தது கான்ஃபிகரேஷன்.ஹெச் மட்டும். அதை நிறுவனமும் திருத்தியிருந்ததால் அதன் ஹாஷ் எதனோடும் பொருந்தாது. அந்த ஒரு கோப்பை மட்டும் இரண்டோடும் டிஃப் போட்டு, வித்தியாசம் குறைவாக இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

ரீப்ளேஸ் கட்டளையில் கிராஃப்ட் கொடுத்து, அந்தக் கமிட்டை ஜிப்பின் கமிட்டுக்குத் தாயாக ஒட்டியாயிற்று. (இந்த ஒட்டு புஷ் செய்தால் தானாகப் போகாது, வேறு கணினியில் தொடர்கிறவர்கள் ரெஃப்ஸ்/ரீப்ளேஸையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.) இப்போது மூன்று புள்ளி டிஃப் ஓடுகிறது. வித்தியாசம் மிச்சமிருப்பது 61 கோப்பில்தான்!

அதிலும் நான்கு கோப்பின் பிளாபை லாக்கில் ஃபைண்ட்-ஆப்ஜெக்ட் போட்டுத் தேடினால், சில வாரம் கழித்து மார்லினிலேயே வந்த கமிட்களில் இருக்கிறது. நிறுவனத்தின் கைவேலை என்று நான் நம்பியிருந்த பெட் லெவலிங் (அச்சுத் தட்டைச் சமப்படுத்துதல்) திருத்தம், உண்மையில் மார்லின்காரர்களுடையது.

அடுத்து, ஜிப்பின் இந்த ஒற்றைக் கமிட்டைத் தலைப்புவாரியாகப் பிரித்து, மார்லின் 2.1 மேல் ரீபேஸ் செய்து (அதன் மேல் மறுபடி அடுக்கி), பழைய வரிசையையும் புதியதையும் ரேஞ்ச்-டிஃப்பில் பார்க்க வேண்டும் (கிட் 2.19 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்). திரைக்கான பகுதி பிரிந்துவிட்டது. ஃபிலமென்ட் (அச்சிடும் பிளாஸ்டிக் இழை) சென்சார் பாதியில் நிற்கிறது: திரையையும் சென்சாரையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கலந்து எழுதியிருக்கிறார்கள். ஹங்க்கை (டிஃப் காட்டும் மாற்றத் துண்டு) எவ்வளவு பிளந்தாலும் பிரியவில்லை. கையால் எடிட் செய்துதான் பிரிக்க வேண்டும். இதற்கு நடுவே, இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் போன மாதம் வந்த புது ஜிப்பை அனுப்பியிருக்கிறார். அதன் மேல் ஸ்கிரிப்ட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.