கடைசிச் சொல் முன்னால் வரட்டும்

ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியம் எழுதச் சொன்னால், தொடக்கநிலை 1, 2 பிள்ளைகள் பலர் "யூ மஸ்ட் வாஷ் தி கப்" என்று எழுதுவார்கள். அதில் பிழை இல்லை, ஆனால் அது கட்டளை வாக்கியமும் இல்லை. "யூ", "மஸ்ட்" இரண்டையும் அடித்துவிட்டால் "வாஷ் தி கப்" மிஞ்சும். நமக்கு வேண்டியது அதுதான்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதைப் புது விதியாகச் சொல்ல வேண்டியதில்லை. வா, போ, எடு, ஊற்று என்று தமிழில் வினையடியே ஏவலாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: "ஸ்", "இங்", "டு" எதுவும் ஒட்டாத வெறும் வினை. மாறுவது இடம் மட்டுமே.

மூன்று துண்டுத் தாள்களில் "பாலை", "கோப்பையில்", "ஊற்று" என்று எழுதி வரிசையாக வையுங்கள். கடைசித் தாளைப் பிள்ளையே எடுத்து முன்னால் வைக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் "போர்", "தி மில்க்", "இன்டு தி கப்" என்று எழுதுங்கள். "கோப்பையில்" என்பதன் வாலில் இருக்கும் "இல்", ஆங்கிலத்தில் "இன்டு" என்று தலைக்கு வந்துவிட்டதை விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும்.

எதிர்மறையும் இதே கதைதான். "தொடாதே" என்பதில் வாலில் இருக்கும் மறுப்பு, "டோன்ட் டச்" என்று முன்னால் வரும். சிலர் "நோ டச்" என்று எழுதுவார்கள். "நோ ஸ்மோக்கிங்" போன்ற பலகைகளைப் பார்த்துப் பழகிய கண் அது. அவை அறிவிப்புகள், ஏவல் வினை அவற்றில் இல்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தப் பலகைகளை "டோன்ட் ஸ்மோக்" என்று மாற்றிச் சொல்ல வைக்கலாம்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் அதிகம் திருத்த வேண்டியவை இரண்டு. ஒன்று, "ஆஃப் தி லைட்", "ஆன் தி ஃபேன்". எழுத்தில் "ஆஃப்" வினையாக நிற்காது. "ஸ்விட்ச் ஆஃப் தி லைட்" என்று வர வேண்டும். பேச்சில் சொல்வதற்குத் திட்டாதீர்கள், தாளில் மட்டும் திருத்துங்கள்.

மற்றொன்று "டோன்ட் நாய்ஸி". "நாய்ஸி" வினை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதியாது. "அமைதியாக இரு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த "இரு"தான் "பி". அதையும் முன்னால் கொண்டுவந்தால் "பி க்வைட்". "கவனமாக இரு", "பி கேர்ஃபுல்". அதன்பின் "டோன்ட் பி நாய்ஸி" தானாக வரும்.

தனி வாக்கியங்கள் கைவந்ததும் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டியின் செய்முறை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். "புட் காயா ஆன் பிரெட்" என்றிருந்தால் காயா போத்தலைத் திறக்காமல் அப்படியே ரொட்டிமேல் வையுங்கள். அடுத்த முறை "ஓப்பன் தி ஜார்", "ஸ்கூப்", "ஸ்பிரெட்" எல்லாம் வந்துவிடும். விடுபட்ட "எ", "தி" இரண்டையும் அப்போதே சேர்க்க வையுங்கள். உணவுப் பொட்டலங்களில் இடம் மிச்சப்படுத்த அவற்றை விட்டுவிடுவதுண்டு, அதைப் பார்த்துப் பிள்ளைகளும் விட்டுவிடலாம்.

"வா", "வாருங்கள்" என்ற வேறுபாடு ஆங்கில வினையில் கிடையாது. பாட்டிக்கும் தம்பிக்கும் "கம்"தான். மரியாதைக்கு "ப்ளீஸ்" சேர்க்க வேண்டும், கடைசியில் வந்தால் முன்னால் ஒரு காற்புள்ளி. செய்முறையில் அது தேவையில்லை. ஆறு படிகளிலும் "ப்ளீஸ்" இருந்தால் ஆறையும் அழிக்கச் சொல்லுங்கள்.